என் மகள் போட்ட என் கையெழுத்து

2022 ஆகஸ்ட். ஆடி முடிந்து, எங்கள் சேலத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டம் கலைந்த வாரம். மகளின் பையில் டிபன் பாக்ஸைத் தேடிக்கொண்டிருந்த என் மனைவி, ஒரு ரஃப் நோட்டை எடுத்து வந்து ஒன்றும் பேசாமல் என் முன்னால் விரித்து வைத்தாள். கடைசிப் பக்கம் முழுக்க என் கையெழுத்து. எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்று. மேலே இருந்தவை கோணல்மாணலாக இருந்தன. கீழே வர வர எனக்கே சந்தேகம் வரும் அளவுக்குத் திருந்தியிருந்தன. கடைசி எழுத்தின் வாலை ஒரு சுழி சுழித்து மேலே தூக்குவது என் வழக்கம். அதைக்கூட அவள் விடவில்லை.

அதே பையில் கணக்கு ஸ்லிப் டெஸ்ட் தாள்கள் மூன்று. இருபதுக்கு ஆறு, நான்கு, ஏழு. மூன்றிலும் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடத்தில் நான் போடாத என் கையெழுத்து.

எனக்கு வந்தது கோபம்தான். எட்டாம் வகுப்புப் பெண், அதற்குள் கள்ளக் கையெழுத்தா? வேனிலிருந்து இறங்கட்டும் என்று வாசலிலேயே நின்றேன். வேன் வந்தது. இறங்கினாள். என் முகத்தைப் பார்த்ததும் சொன்னாள்: "இன்றைக்கு டெஸ்ட் வைக்கவில்லை அப்பா."

நான் வாயே திறக்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. தினமும் அந்த வாசலில் நான் கேட்டுவந்தது ஒரே கேள்வி: "எவ்வளவு?" சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை, மழையில் நனைந்தாயா என்று கேட்டதில்லை. வேன் நின்றதும் "எவ்வளவு?"

நான் கொலுசுப் பட்டறைக்காரன். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில், வீட்டின் முன்னறையில் நானும் மனைவியும் உதவிக்கு ஒரு பையனும். முதலாளி வெள்ளியை எடை போட்டுத் தருவார். கொலுசாக்கித் திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி எடை போடுவார். கம்பி இழுப்பதிலும் பற்றவைப்பதிலும் மெருகு போடுவதிலும் கொஞ்சம் வெள்ளி போகத்தான் செய்யும். அதற்குச் சேதாரம் என்று ஒரு கணக்கு உண்டு. அதைத் தாண்டினால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் தராசில் சரக்கை வைக்கும் அந்த அரை நிமிடம் அடிவயிற்றைப் பிசையும்.

அன்று இரவு மகள் தூங்கிய பிறகு மனைவி சொன்னாள்: "சனிக்கிழமை முதலாளி கடைக்குக் கிளம்பும்போது உங்களுக்கு ஒரு முகம் வரும் பாருங்கள், அவளுக்குத் தினமும் அந்த முகம்தான். உங்களுக்கு வாரத்தில் ஒரு நாள். அவளுக்கு ஆறு நாள்."

அதன் பிறகுதான் வயிற்று வலி நினைவுக்கு வந்தது. ஜூன் மாதத்திலிருந்தே காலை ஏழு மணிக்கு வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொள்வாள். என் அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். ஸ்கேன் எடுத்தோம், டானிக் வாங்கினோம். ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லை என்றதும் நான் சொன்னது, "நடிக்காதே, எழுந்திரு."

கடைசியில் அரசு மருத்துவமனையில் பார்த்த ஒரு டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமை வலிக்குமா?"

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வலித்ததில்லை.

உடனே "அப்படியானால் பொய்தானே டாக்டர்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. வலி பொய்யில்லை, காரணம்தான் வயிற்றில் இல்லை என்றார். பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ தயாராகிவிடும். அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், இரத்தம் கை கால் தசைகளுக்குத் திரும்பும், செரிமான வேலை தடுமாறும். அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது, குமட்டுகிறது, அடிக்கடி கழிவறைக்குப் போகத் தோன்றுகிறது. "நாய் துரத்தும்போது வருகிற அதே வலி சார் இது. நாய் மட்டும் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை" என்றார். "நடிக்கிறாய் என்று சொல்லாதீர்கள். வலிக்கிறதா, வெந்நீர் குடி, கொஞ்ச நேரம் உட்கார், பிறகு போகலாம் என்று சொல்லுங்கள். ஆனால் பள்ளிக்கு அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். ஒரு நாள் தப்பித்தால் மறுநாள் பயம் இரண்டு மடங்காகும்."

இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் கடினம். வலியை நம்பவும் வேண்டும், பள்ளிக்கு அனுப்பவும் வேண்டும். என் மனைவிக்கு முதலாவது எளிதாக வந்தது, எனக்கு இரண்டாவது. இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம்.

பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். தனியார் பள்ளி. தினமும் ஒரு ஸ்லிப் டெஸ்ட். மாலையில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் வரும், பாதிக்குக் கீழே எடுத்தவர்களுக்குச் சிவப்பு நிறத்தில். அந்தப் பட்டியலை என் மாமனார், கொழுந்தியாள், எதிர்வீட்டு அம்மா எல்லோரும் பார்ப்பார்கள், ஏனென்றால் நான்தான் பெருமையாகப் பகிர்ந்துகொண்டிருந்தேன், அவள் நன்றாக எடுத்த காலத்தில். 2017-இல் பொதுத்தேர்வில் முதலிடம், இரண்டாமிடம் என்று மாநில அளவில் அறிவிப்பதையே அரசு நிறுத்திவிட்டது. குழுவில் யாரும் நிறுத்தவில்லை.

வகுப்பாசிரியையைத் தனியாகச் சந்தித்தேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வகுப்புச் சராசரி குறைந்தால் எங்களுக்கும் மீட்டிங்கில் சிவப்புதான் சார்." அவருக்கும் ஒரு தராசு. அதன் பிறகு சண்டை வரவில்லை. இரண்டு உதவி மட்டும் கேட்டேன். என் மகளின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். கணக்கில் எந்த இடத்தில் தடுக்குகிறது என்று ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும். முதலாவது நடக்கவில்லை. இரண்டாவதைச் செய்தார். மறுவாரமே கூப்பிட்டு, பின்னங்களும் எதிர்மறை எண்களும் இவளுக்குச் சுத்தமாக இல்லை என்றார்.

காரணம் யோசித்தால் வியப்பில்லை. இவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோதுதான் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தது. அந்த வருடம் முழுக்க அந்தப் பயத்திலேயே போனது. 2020 பிப்ரவரியில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். அப்பாடா என்பதற்குள் மார்ச்சில் ஊரடங்கு. ஆறாம் வகுப்பு முழுவதும் கைபேசியில். ஏழாம் வகுப்புக்கு 2021 நவம்பரில்தான் பள்ளி திறந்தது. பின்னமும் எதிர்மறை எண்ணும் அந்த இடைவெளியில் விழுந்துவிட்டன. எட்டாம் வகுப்புக் கணக்கைக் கேட்டு நான் கத்திக்கொண்டிருந்தேன், அவளுக்கு வேண்டியிருந்ததோ ஆறாம் வகுப்புப் புத்தகம். பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்தேன். பக்கத்துத் தெருவில் கல்லூரி படிக்கும் ஒரு பெண் இரண்டு மாதம் சொல்லிக் கொடுத்தாள். பயத்தில் பாதி அங்கேயே இறங்கியது. பயப்படாதே, தைரியமாக இரு என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். ஒரு பைசாவுக்குப் பிரயோஜனமில்லை. தெரியாததைத் தெரிந்துகொண்டபோதுதான் தைரியம் வந்தது.

என் பங்குக்கு "எவ்வளவு?" என்று கேட்பதை நிறுத்தினேன். அடியோடு நிறுத்தினேன். டெஸ்ட், தாள், மார்க் எதையுமே கேட்பதில்லை. மூன்று வாரம் ஓடியது. பெரிய சாதனை செய்ததுபோல் இருந்தேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்: "நான் எப்படிப் போனாலும் உங்களுக்கு ஒன்றுதானா அப்பா? இவள் அவ்வளவுதான் என்று விட்டுவிட்டீர்களா?"

பிள்ளை வளர்ப்பில் நான் வாங்கிய பெரிய அடி அதுதான். கேட்டாலும் வலிக்கிறது, கேட்காவிட்டாலும் வலிக்கிறது. அன்றைக்கு உட்கார்ந்து மூவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம், பாதிக்கு மேல் அவள் சொன்னது. தினசரிக் காலண்டர் மாட்டியிருக்கும் ஆணியில் தாளைக் குத்திவிடுவாள். நான் இரவில் பார்த்து, கையெழுத்துப் போட்டு, மறுபடி அங்கேயே குத்திவிட வேண்டும். அன்றைக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்குப் பிறகு, அந்த வாரத் தாள்களில் தப்பாகப் போன ஒரே ஒரு கணக்கை அவளே தேர்ந்தெடுத்து எனக்குக் காட்டுவாள். எங்கே வழி தவறினாள் என்று இருவரும் தேடுவோம். எனக்கு அந்தக் கணக்கு வராது என்பது இங்கே பெரிய வசதி. "அதெப்படி?" என்று உண்மையாகவே கேட்பேன்.

வாசலில் கேட்கும் கேள்வியும் மாறியது. "இன்றைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?" என்று கேட்டேன். முதல் நாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஒரு மாதத்தில் அந்தக் கேள்விக்கு அரை மணி நேரப் பதில் வரத் தொடங்கியது.

இன்னொன்றையும் அந்தக் காலத்தில்தான் சொன்னேன். வீட்டில் யாருக்கும், கல்யாணமான புதிதில் மனைவிக்கும்கூட, நான் சொல்லாத கதை. 1995-இல் நான் பத்தாம் வகுப்பு எழுதினேன். அப்போது முடிவுகள் பேப்பரில் வரும், தேர்ச்சி பெற்றவர்களின் எண்கள் மட்டும் பொடி எழுத்தில் வரிசையாக. நம் எண் இல்லையென்றால் இல்லை, அவ்வளவுதான். பேருந்து நிலையத்தில் ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து தேடிக்கொண்டிருந்தோம். எனக்கு முந்தைய எண் இருந்தது, பிந்தைய எண் இருந்தது. பேப்பர்க்காரர் தப்பாக அச்சடித்துவிட்டார் என்று வீட்டில் சொன்னேன். அப்பா அம்மாபேட்டையில் தறி நெய்தவர். இரண்டு நாள் என்னுடன் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கொலுசுப் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். கணக்கில் 27 வாங்கியிருந்தேன். மூன்றாவது முறை எழுதித் தேறினேன், பட்டறை வேலை பார்த்துக்கொண்டே.

இதைக் கேட்டதும் மகள் அழுவாள், அல்லது நெகிழ்ந்துபோவாள் என்று நினைத்தேன். "பேப்பர்க்காரர் தப்பாக அச்சடித்தாரா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "அந்த இரண்டு நாள் தாத்தா பேசாதபோது எப்படி இருந்தது?" என்று கேட்டாள். மார்க் குறைந்ததைவிட அந்த இரண்டு நாள்தான் இன்றும் நினைவில் இருக்கிறது என்று சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கள்ளக் கையெழுத்தைப் பற்றி அதற்கு மேல் நாங்கள் பேசவே தேவைப்படவில்லை. அவள் பயந்தது கணக்கைக் கண்டு இல்லை. தாள் வீட்டுக்கு வந்த பிறகான மாலையைக் கண்டு. அந்த மாலையைச் செய்துவைத்திருந்தவன் நான்.

ஒன்பதாம் வகுப்புக்கு அவளை அரசு உதவி பெறும் ஒரு பெண்கள் பள்ளியில் சேர்த்தோம். கொள்கைக்காக மட்டும் என்று சொன்னால் பொய், கட்டணமும் ஒரு காரணம். ஆனால் பழைய பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆண்டின் பாதியிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுவோம் என்று கூட்டம் போட்டுப் பெருமையாகச் சொன்னார்கள். ஒரு வருடப் படிப்பைப் பிள்ளையிடமிருந்து திருடிவிட்டு அதற்குக் கட்டணமும் வாங்குவதை என்னவென்று சொல்வது? உறவினர்கள் என்னைப் பைத்தியக்காரன் என்றார்கள். சொல்லட்டும்.

பரீட்சையே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதைப்போல மனதில் நிற்க வைக்கும் வழி வேறில்லை. பத்து முறை திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்ததுபோல் ஒரு மயக்கம்தான் மிஞ்சும். மதிப்பெண் போடாத டெஸ்ட் எத்தனை வேண்டுமானாலும் நல்லது. எங்கள் வீட்டில் அது தற்செயலாக நடந்தது. பத்தாம் வகுப்பு அறிவியலில் மரபியல் பாடம். மனைவி கொலுசுக்கு அரும்பு வைத்துக்கொண்டிருப்பாள், எட்டாவதோடு நிறுத்தியவள். மகள் எதிரில் உட்கார்ந்து மெண்டலின் பட்டாணிச் செடிக் கதையைச் சொல்வாள். நெட்டையையும் குட்டையையும் கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாமே நெட்டை, அடுத்த தலைமுறையில் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை. "அது சரி, நடுவில் அந்தக் குட்டை எங்கே போய் ஒளிந்திருந்தது?" என்று மனைவி கேட்டாள். மகள் திணறிவிட்டாள். ஆங்கில வழியில் அப்படியே மனப்பாடம் செய்து வைத்திருந்த வரிகள் அம்மாவின் கேள்விக்கு உதவவில்லை. புத்தகத்தைத் திரும்பப் படித்து, மறுநாள் தமிழில் விளக்கினாள். அந்தப் பாடத்தை அவள் அதற்குப் பிறகு மறக்கவேயில்லை. மனைவியும் மறக்கவில்லை. என் மாமனாரின் குட்டையும் என் உயரமும் பிள்ளைகளில் எப்படி வந்தன என்று இன்றும் ஆராய்ச்சி செய்கிறாள்.

கணக்குக்கு வேறு வைத்தியம். புதிய பள்ளியின் கணக்கு டீச்சர் முதல் வாரமே வினாத்தாளின் அமைப்பைக் கரும்பலகையில் போட்டுவிட்டார். ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 10, எட்டு மதிப்பெண் 2. அந்த எட்டு இரண்டும் செய்முறை வடிவியலும் வரைபடமும். பழகிய கைக்கு 16 மதிப்பெண் அங்கேயே உறுதி. தேர்ச்சிக்கு வேண்டியது 35. "பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது" என்று டீச்சர் சொல்வாராம். பாதிக் கிணறு தாண்டுவது ஆபத்து என்பதுதான் பழமொழி, ஆனால் அவர் சொன்ன விதத்தில் பிள்ளைகளுக்குத் தெம்பு வந்தது. மகள் ஒரு மாதம் தினமும் ஒரு வரைபடம் போட்டாள், வேறெந்தக் கணக்கும் செய்யாவிட்டாலும். நூறு மதிப்பெண் என்ற பூதம் கை கால் எண்ணக்கூடிய உருவமாக ஆனது.

2024 டிசம்பரில் அரையாண்டு முடிந்ததும் ஏற்காட்டுக்குப் போனோம். என் அக்கா அங்கே ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டிய ஊரில் இருக்கிறார். விடுமுறையை வீணாக்கக்கூடாது என்று நான் ஒரு பை நிறைய கைடுகளும் பழைய வினாத்தாள்களும் எடுத்துக்கொண்டேன். இருபது கொண்டை ஊசி வளைவு. எட்டாவது வளைவிலேயே மகள் வாந்தி எடுத்தாள். கண்டக்டர், "பாப்பாவை முன்னால் உட்கார வையுங்கள், ரோட்டைப் பார்த்தால் வராது" என்று எழுப்பி அனுப்பினார். முன் இருக்கையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் இருக்கும் எண்ணை உரக்கப் படித்துக்கொண்டே வந்தாள். அதன் பிறகு ஒன்றுமில்லை.

அக்கா என் பையைத் தூக்கிப் பார்த்தார். "இதில் என்ன, கல்லா?" திறந்து பார்த்துவிட்டு, நேராகப் பரண்மேல் போட்டுவிட்டார். "இதைப் பார்த்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது. ஊருக்குக் கிளம்பும்போது எடுத்துத் தருகிறேன்." ஐந்து நாள் பை பரணில் இருந்தது. மகள் முதல் இரவு பத்து மணி நேரம் தூங்கினாள். அந்தக் குளிரில், காப்பிப் பழம் பறிக்கும் ஆட்களின் பேச்சுச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தாள். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பதே தூக்கத்தில்தான் என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார். நான்தான் காலை நான்கு மணிக்கு எழுப்பி டீ போட்டுக் கொடுப்பதைக் கடமையாகச் செய்துகொண்டிருந்தேன். மலையிலிருந்து இறங்கிய பிறகு அதை விட்டேன். பத்து மணிக்கு விளக்கு அணையும், ஆறுக்கு எழுவாள்.

அக்கா மகன் கல்லூரியில் உளவியல் படிக்கிறான். அவன்தான் அந்த எழுதும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தான். தேர்வுக்குச் சற்று முன்னால், மனதிலிருக்கும் பயத்தையெல்லாம் பத்து நிமிடம் ஒரு தாளில் கொட்டி எழுதிவிட வேண்டும். 2011-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள், அதிகம் பதற்றப்படும் மாணவர்களுக்கு இது நன்றாக உதவியது என்றான். எனக்கு நம்பிக்கையில்லை, பயத்தை எழுதினால் பயம் கூடாதா என்று கேட்டேன். "உள்ளே ஓடிக்கொண்டிருந்தால்தான் மாமா அது இடத்தை அடைக்கும்" என்றான். மகள் ஜனவரித் திருப்புதல் தேர்விலிருந்து தொடங்கினாள். என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது, கிழித்துப் போட்டுவிடுவாள். ஒரே ஒரு துண்டு மட்டும் காற்றில் பட்டறைக்குள் வந்து விழுந்தது. 'அப்பா கேட்க மாட்டார், ஆனால் பார்ப்பார்' என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு நான் பார்ப்பதையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

பொதுத்தேர்வு 2025 மார்ச் 28 அன்று தமிழில் தொடங்கி ஏப்ரல் 15 அன்று சமூக அறிவியலோடு முடிந்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படி இருந்தது. முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கு மேல் புதிதாக எதையும் தொடக்கூடாது. இருவரும் வண்டியில் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போவோம். ஏரிக்குள் மண்ணைக் குவித்து உண்டாக்கிய திட்டுகளில் மரங்கள் வளர்ந்திருக்கும், பொழுது சாயும்போது பறவைகள் வந்து அடையும். அரை மணி நேரம் சும்மா நிற்போம். வீட்டுக்கு வந்து ஹால் டிக்கெட், பேனா, ஸ்கேல் எல்லாம் பையில் வைத்துவிட்டுத் தூக்கம். காலையில் வழக்கமான சாப்பாடுதான். தேர்வு நாளில் புதிதாக நெய் தோசை, பாதாம் பால் என்று கொடுத்து வயிற்றைச் சோதிக்க வேண்டாம்.

பத்து மணிக்கு வினாத்தாள் தருவார்கள். முதல் பத்து நிமிடம் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விவரங்கள் சரிபார்க்க, பத்தே காலிலிருந்து ஒன்றே கால் வரை எழுத. அந்தப் பத்து நிமிடத்தில்தான் பிள்ளைகள் உடைவார்கள், கண்ணில் முதலில் படுவது தெரியாத கேள்வியாகத்தான் இருக்கும். தெரிந்த கேள்விகளை மட்டும் தேடு, அவற்றில் எதிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய் என்று டீச்சர் பழக்கியிருந்தார். நெஞ்சு படபடத்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக விட வேண்டும், ஐந்தாறு முறை. இதையும் தேர்வறையில் முதல்முறை செய்து பயனில்லை. வீட்டில், வேனில், திருப்புதல் தேர்வில் செய்து பழகியிருந்தால்தான் உடம்பு கேட்கும்.

முடிந்து வெளியே வந்தால், மரத்தடியில் பெற்றோர்களே வினாத்தாளைப் பிடுங்கி விடை சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏப்ரல் 7, கணக்குத் தேர்வு அன்று ஒரு பெண் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார், "அது எப்படித் தப்பாகும், நேற்றுக்கூடப் போட்டாயே." நாங்கள் வினாத்தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு நேராகத் தட்டுவடை செட் கடைக்குப் போவோம். தட்டுவடைகளுக்கு நடுவே சட்னியும் காய்கறித் துருவலும் வைத்துத் தருவதுதான் செட். ஆளுக்கு இரண்டு செட், பீட்ரூட் தூக்கலாக. நன்றாக எழுதினாலும் செட், சொதப்பினாலும் செட். அடுத்த தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது முடிந்ததைக் கிளறுவதால் மாறப்போவது எதுவுமில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் ஏரியும் தட்டுவடையும் போதாது. தூக்கம் போவது, சாப்பாடு போவது, தோழிகளைப் பார்க்க மறுப்பது, "நான் இல்லாவிட்டால் உங்களுக்குச் செலவு மிச்சம்" என்பதுபோல் பேச்சு வருவது, இவற்றில் எதைக் கண்டாலும் வயசுக் கோளாறு என்று விட்டுவிட வேண்டாம். கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் அன்றைக்கே பிள்ளையைத் தனியாக விடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனநலத்துக்கான டெலி மானஸ் 14416, குழந்தைகளுக்கான 1098 ஆகியவற்றில் பேசலாம். எட்டாம் வகுப்புக் காலத்தில் ஒருமுறை நானும் 14417-க்குப் பேசினேன், மகளுக்காக என்று தொடங்கி பாதி நேரம் என்னைப் பற்றித்தான் பேசினேன்.

மே 16 அன்று முடிவு வந்தது. மகள் கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நான் கொலுசுக்குத் திருகாணி மாட்டிக்கொண்டிருந்தேன், ஒரே திருகாணியை மூன்று முறை. இருபது நிமிடம் கழித்து இறங்கி வந்து அம்மாவிடம் முதலில் சொன்னாள், பிறகு என்னிடம். மாமனார் போன் செய்தபோது அவளிடமே கொடுத்துவிட்டேன். தன் மதிப்பெண்ணைத் தான்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டில் இப்போது சட்டம். இங்கே எழுதலாமா என்று நேற்றுக் கேட்டேன். தேர்ச்சி என்று மட்டும் போடுங்கள் என்றாள்.

இப்போது பிளஸ் ஒன், வணிகவியல். ஆகஸ்டில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இனி கிடையாது என்று அறிவித்த அன்று தெருவே கேட்கும்படி கத்தினாள். காலாண்டுத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டு வந்தது. நான் மெருகு வேலையில் இருந்தேன், இரண்டு கையும் கரி. அவள் கார்டையும் பேனாவையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கையெல்லாம் அழுக்கு. நீயே போட்டுக்கொள் கண்ணு, உனக்குத்தான் என்னைவிட நன்றாக வருமே" என்றேன்.

"மாட்டேன். கை கழுவிவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.